கேப் டவுனில் நாள் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

கேப் டவுனுக்குக் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் ஊரிலிருந்து பதினேழு பேர் வந்து தங்கிப் போய்விட்டார்கள். பெரும்பாலானவர்கள் கையில் ஓர் அட்டவணையோடுதான் இறங்குவார்கள்: திங்கள் மலை, செவ்வாய் தீவு, புதன் பெங்குவின். என் மாமனார் அதை எக்செல்லில் போட்டு, பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் செய்து கொண்டுவந்தார். முதல் நாலு நாளும் மலைக்குக் கேபிள் கார் ஓடவில்லை. ஐந்தாம் நாள் எங்கள் கொல்லையில் மீன் சுடும்போது அந்த அட்டையால்தான் கரியை விசிறிக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் எங்கே போவது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது தென்கிழக்குக் காற்று. அக்டோபர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை அடிக்கும். ஊர்க்காரர்கள் இதை ‘கேப் டாக்டர்’ என்பார்கள், ஊரின் அழுக்கையும் நோயையும் அடித்துக்கொண்டு போகிறதாம். டாக்டர் வந்தால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். தலைமுடி, தொப்பி, துப்பட்டா எதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதனால் நாள்வாரியாகத் திட்டம் போடாதீர்கள். காற்று இல்லாத நாளுக்கு ஒரு பட்டியல், காற்று உள்ள நாளுக்கு ஒரு பட்டியல், அவ்வளவுதான். முதல் பட்டியலில் இரண்டே பெயர்: டேபிள் மவுண்டன், ராபன் தீவு. இரண்டையும் பயணத்தின் முதல் பாதியிலேயே முடிக்கப் பாருங்கள். ‘நல்லதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்’ என்று நினைத்தவர்கள் எங்கள் வீட்டுப் பதினேழில் மூன்று பேர். மூன்று பேரும் மலையைக் கீழே இருந்து பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள்.

மலைக்கு நான் பின்பற்றும் முறை இது. காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். உச்சி மேசைப் பலகை மாதிரி கத்தரித்த கோடாகத் தெரிந்தால் போகலாம். பக்கத்துச் சிகரமான டெவில்ஸ் பீக் பக்கம் பஞ்சு மாதிரி ஒரு துணுக்கு மேகம் ஏறத் தொடங்கியிருந்தால் சந்தேகம். அது கொஞ்ச நேரத்தில் மலை முழுக்கப் பரவி, விளிம்பிலிருந்து வெள்ளைத் துணியாக வழியும். இதற்குப் பெயரே ‘டேபிள் கிளாத்’, மேசை விரிப்பு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது, மறுபக்கம் இறங்கும்போது சூடாகி மறைந்துவிடுகிறது. ஊர்க் கதை வேறு: வான் ஹன்க்ஸ் என்ற கிழட்டுக் கடற்கொள்ளைக்காரன் சாத்தானோடு பந்தயம் கட்டிப் புகைபிடிக்கிறானாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

ஜன்னல் பரிசோதனை முடிந்ததும் கேபிள் கார் ஓடுகிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள், அப்புறம் டிக்கெட் வாங்குங்கள். முதல் பெட்டிகளிலேயே ஏறிவிடுவது உத்தமம். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் பக்கம் வருகிறவர்கள் வருடாந்தரப் பராமரிப்புக்காக மூடும் நாட்கள் எவை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

1929-ல் தொடங்கிய கேபிள் கார் இது. இப்போதுள்ள வட்டப் பெட்டிகள் 1997-ல் வந்தவை, ஒரு தடவைக்கு 65 பேரை ஏற்றும். ஏறும்போதே தரை மெதுவாகச் சுற்றும், அதனால் ஜன்னலோரத்துக்கு முண்டியடிக்கத் தேவையில்லை. நின்ற இடத்தில் நின்றாலே மலை, ஊர், கடல் எல்லாம் முறை வைத்து உங்கள் முன்னால் வந்து போகும். ஐந்து நிமிஷத்தில் 1,067 மீட்டர் உயரத்தில் இருப்பீர்கள். கீழே வெயில் கொளுத்தினாலும் ஸ்வெட்டர் அவசியம். என் மாமியார் ‘இந்த வெயிலில் எதுக்குடி கம்பளி’ என்றவர், மேலே போனதும் என்னுடையதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

உச்சியில் நடைபாதை நன்றாகவே இருக்கிறது, முட்டி வலிக்காரர்களும் மெதுவாகச் சுற்றி வரலாம். பாறை இடுக்குகளில் பெருத்த முயல் மாதிரி ஒன்று வெயில் காயும். டாஸி என்று பெயர். யானைக்குத் தூரத்துச் சொந்தம் என்று விலங்கியல்காரர்கள் சொல்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. தெம்பிருந்தால் மக்ளியர்ஸ் பீக்கன் என்ற கற்குவியல் வரை ஒரு மணி நேரம் நடக்கலாம், மலையின் உச்சப் புள்ளி அதுதான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மேலே இருக்கும்போது சங்கு ஊதினால் வானிலை மாறுகிறது என்று அர்த்தம். ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ என்று நிற்காமல் உடனே நிலையத்துக்குத் திரும்புங்கள்.

நடந்து ஏற ஆசைப்படுகிறவர்களுக்குப் பிளாட்டக்லிப் கோர்ஜ் பாதை நேரானது. வழி முழுக்கக் கல் படி, இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஏறுவது மூச்சைக் கேட்கும், இறங்குவது முட்டியைக் கேட்கும். நடந்து ஏறி, பெட்டியில் இறங்குங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் கொண்டுபோங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள், வழிப்பறி நடக்கும் பாதைகள் இந்த மலையில் உண்டு.

ராபன் தீவுக்கு வாட்டர்ஃப்ரன்ட் துறைமுகத்திலிருந்து படகு. டிக்கெட்டை முன்பே வாங்க வேண்டும், கடல் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். போய் வர நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். காலைப் படகில் போங்கள், பிற்பகலில் காற்று ஏறும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டே ஏறுங்கள். மண்டேலா 27 வருஷச் சிறையில் 18 வருஷம் இங்கே இருந்தார். அவருடைய அறை, நாம் பாய் விரித்துப் படுத்தால் மீதி இடம் இருக்காது, அவ்வளவு சின்னது. சிறைக்குள் சுற்றிக் காட்டுகிறவர்கள் அங்கேயே அரசியல் கைதிகளாக இருந்தவர்கள். எங்களைக் கூட்டிப்போனவர் தான் படுத்திருந்த இடத்தைக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எங்களில் யாரும் செல்போனை எடுக்கவில்லை. இந்த வழிகாட்டிகளிடம் கேள்வி கேட்கலாம், தயங்காமல் பதில் சொல்வார்கள்.

சரி, காற்று அடிக்கிறது, மலையும் இல்லை, படகும் இல்லை. அன்றைக்குத்தான் ஊருக்குள் சாப்பிடும் நாள்.

காலையில் ஸ்லேவ் லாட்ஜ் அருங்காட்சியகத்தில் ஆரம்பியுங்கள். 1679-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய கட்டடம். இந்தோனேசியா, மடகாஸ்கர், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல இடங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எந்த ஊர்க் கரையிலிருந்து வந்தார்களோ அதையே பின்பெயராக எழுதிவைத்தார்கள். எங்களுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களிடம் இருந்த ஊர். மாமனார் அந்தப் பெயர்களின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வெளியே வந்து, ‘எங்க தாத்தா காலத்துக் கதையில கப்பலேறினவங்க எல்லாம் கிழக்கே பினாங்குக்குப் போனாங்க, மேற்கே இங்கயும் வந்திருக்காங்களா’ என்றார். தமிழர்கள் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது என்பது என் கட்சி.

பக்கத்திலேயே கம்பெனிஸ் கார்டன். 1652-ல் கப்பல்காரர்களுக்குக் காய்கறி வளர்க்கப் போட்ட தோட்டம், இப்போது பூங்கா. அணில்கள் கையிலிருந்து கடலை வாங்கிப் போகும். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். 1966-ல் அந்தப் பகுதி வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களைக் கிளப்பி, வீடுகளை இடித்தார்கள். அருங்காட்சியகத்தின் தரையில் பழைய தெருக்களின் வரைபடத்தைப் பெரிதாக விரித்திருக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் போதும், ஆனால் வேகமாகப் பார்க்காதீர்கள்.

மதியம் போ-காப். சிக்னல் ஹில் சரிவில் ரோஜா, மஞ்சள், பச்சை, ஊதா என்று வண்ணமடித்த வீடுகள் வரிசையாக ஏறும். எல்லோரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். அவை குடும்பங்கள் வாழும் வீடுகள், கேட்டுவிட்டு எடுங்கள். 1794-ல் தோன்றிய அவ்வல் பள்ளிவாசல் இங்கே இருக்கிறது. இந்த நாட்டின் முதல் பள்ளிவாசல் அது. முதல் இமாம் துவான் குரு அதற்கு முன் ராபன் தீவில் கைதியாக இருந்தவர். அங்கே நினைவிலிருந்தே குர்ஆனை எழுதினார் என்பார்கள். ஞாயிறும் அரசு விடுமுறையும் தவிர மற்ற நாட்களில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேலேயிருந்து பீரங்கி வெடிக்கும். ஊர்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் துள்ளுவீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி சாப்பாடு. கேப் மலாய்ச் சமையல், அதாவது டச்சுக்காரர்கள் கொண்டுவந்த அந்த ஆட்களின் வழிவந்த முஸ்லிம்களின் சமையல், நமக்கு அரைச் சொந்தம். பட்டை, ஏலம், கிராம்பு, மல்லி எல்லாம் உண்டு, காரம் மட்டும் குறைவு, கூடவே ஒரு தித்திப்பு. அவர்கள் ‘ஹாட்’ என்று எச்சரிப்பது நமக்கு நடுத்தரம்தான், தைரியமாகக் கேளுங்கள். போபோட்டி என்பது மசாலாக் கொத்துக்கறியின் மேல் முட்டையும் பாலும் ஊற்றி அடுப்பில் வேகவைத்தது. உலர்திராட்சை போட்ட மஞ்சள் சோற்றோடு வரும். மாமனார் முதல் வாய்க்குப் புருவத்தைத் தூக்கினார், மூன்றாம் வாய்க்குப் பேச்சை நிறுத்தினார். தொட்டுக்கொள்ள வரும் ‘அட்ஜார்’ நம் ஊறுகாய்தான், பெயரில்கூட மாறுவேஷம் இல்லை. டென்னிங்ஃப்ளேஸ் கிடைத்தால் கேளுங்கள், புளி விட்டுச் சமைத்த ஆட்டுக்கறி. புளிக்கு ஏங்குகிற நாக்குக்கு இரண்டாம் வாரத்தில் அதுதான் மருந்து.

என் மாமியார் பத்து வருஷமாகச் சைவம். அவருக்கு இங்கே பட்டினி இல்லை. கடலைமாவில் கீரையும் வெங்காயமும் போட்டுப் பொரிக்கும் ‘டால்ச்சி’ எங்கே கண்டாலும் வாங்குங்கள், நம் பக்கோடாவின் ஒன்றுவிட்ட தங்கை. உருளைக்கிழங்கு சமோசா எங்கும் உண்டு. பருப்போ காய்கறிக் கறியோ வைத்து ரொட்டியில் சுருட்டித் தருவதும் கிடைக்கும். சோள மாவுக் களிக்குப் ‘பாப்’ என்று பெயர், அதற்குத் தொட்டுக்கொள்ள பீன்ஸும் தக்காளியும் போட்ட காரமான சக்கலக்கா. ‘நம்ம ஊர் களிதான், குழம்புதான் வேற’ என்று மாமியார் தட்டைக் காலி செய்தார். ஆனால் சூப்புகளில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடுங்கள். ‘வெஜிடபிள்’ என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். நம் கடைகள் வேண்டுமென்றால் ரைலண்ட்ஸ் பக்கம் போக வேண்டும், நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி. பச்சை மிளகாயும் பருப்பும் நான் அங்கேதான் வாங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போ-காப்பில் இருந்தால் கூசிஸ்டர் தேடுங்கள். ஏலக்காய், சோம்பு போட்ட உருண்டை மாவைப் பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்த் துருவலில் புரட்டித் தருவார்கள். இதே மாதிரி பெயரில் ஜடை பின்னிய வடிவத்தில் வேறொன்று பேக்கரிகளில் விற்கும், அது டச்சு வழிவந்த வெள்ளையர்களான ஆஃப்ரிக்கானர்களுடையது, மொறுமொறுப்பாக, பாகு சொட்டும். நான் போ-காப் கட்சி. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பாதிச் சுவைதான்.

கேட்ஸ்பி என்பதைத் தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லிவிடாதீர்கள். முழங்கை நீள ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவல், மசாலா இறைச்சி, சாஸ் எல்லாம் திணித்து நாலாக வெட்டித் தருவார்கள். நாலு பேருக்கு ஒன்று. நாங்கள் முதல் தடவை மூன்று பேருக்கு மூன்று வாங்கி, இரண்டு நாள் அதையே சாப்பிட்டோம்.

அடுத்தது தீபகற்பச் சுற்று. கார் வேண்டும், முழு நாள் வேண்டும். இங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். காலையில் கிழக்குக் கரை வழியாக மியூசன்பர்க், கால்க் பே, சைமன்ஸ் டவுன், கேப் பாயின்ட் என்று தெற்கே போங்கள். மாலையில் சாப்மன்ஸ் பீக் சாலை வழியாக மேற்குக் கரையில் வடக்கே திரும்புங்கள். வடக்கே வரும்போது கடல் உங்கள் இடப்பக்கம், அதாவது உங்கள் வண்டி ஓடும் பக்கம். நிறுத்திப் பார்க்க எதிர்ச்சாரியைக் கடக்க வேண்டாம், சூரியனும் அந்தப் பக்கம்தான் மறைகிறது. சாப்மன்ஸ் பீக் சாலையில் ஒன்பது கிலோமீட்டரில் 114 வளைவு, 1922-ல் திறந்த பாதை, சுங்கம் கட்ட வேண்டும். பாறை சரியும் நாட்களில் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் சூரியன் மறைய இரவு எட்டு ஆகும், அவசரமே இல்லை.

பெங்குவின்கள் சைமன்ஸ் டவுனை அடுத்த போல்டர்ஸ் கடற்கரையில். 1982-ல் இரண்டு ஜோடியாக வந்து குடியேறியவை பெருகின. மொத்த ஆப்பிரிக்காவிலும் இந்த இனம் வேகமாகக் குறைந்துவருகிறது. 2024-ல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மரப்பாதையில் நின்று பாருங்கள், தொட முயலாதீர்கள், அலகு கத்தரிக்கோல் மாதிரி. அவை கத்துவது கழுதை கத்துவது போலவே இருக்கும்.

குளிப்பதானால் இந்தக் கிழக்குப் பக்கக் கடலில் குளியுங்கள். கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் எல்லாம் படத்தில் அழகு. ஆனால் அதே தென்கிழக்குக் காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. நடுக்கோடையிலும் கணுக்கால் விறைக்கும். மணலில் உட்கார மட்டும் கிளிஃப்டன் நல்லது, லயன்ஸ் ஹெட் குன்று அங்கே காற்றை மறைக்கிறது.

கேப் பாயின்டில் இரண்டு விஷயம். இது ஆப்பிரிக்காவின் தென்கோடி இல்லை. தென்கோடி அகுல்லாஸ் முனை, அது வேறு திசையில் பல மணி நேரப் பயணம். பக்கத்திலுள்ள நன்னம்பிக்கை முனைப் பலகையிலேயே ‘தென்மேற்குக் கோடி’ என்றுதான் எழுதியிருக்கும், படிக்காமல் படம் எடுப்பவர்களே அதிகம். மேலேயுள்ள பழைய கலங்கரை விளக்கம் ரொம்ப உயரத்தில் கட்டியதால் மேகம் மறைத்துவிடும். 1911-ல் லூசித்தானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் பாறையில் மோதிய பிறகு, கீழே 87 மீட்டர் உயரத்தில் புதிதாகக் கட்டினார்கள். இரண்டாவது விஷயம் பபூன் குரங்குகள். சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு காரை விட்டு இறங்காதீர்கள், கார்க் கண்ணாடியும் திறந்திருக்கக் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு கிலோ கைமுறுக்கு எங்கள் கண் முன்னாலேயே போனது. அந்தப் பபூன் எங்களைப் பார்த்துக்கொண்டே உடைத்து உடைத்துத் தின்றது.

மதியச் சாப்பாட்டைக் கால்க் பே துறையில் வையுங்கள். போகும் வழியிலேயே வரும், பசித்த நேரத்துக்குத் தோதாகக் கொஞ்சம் தாமதமாகக் கிளம்புங்கள். படகுகள் நிற்கும் இடத்திலேயே மீன் அறுப்பார்கள், கீழே கடல்நாய்கள் வாயைத் திறந்து காத்திருக்கும். மீனும் வறுவலும் கேட்டால் ஹேக் வரும், முள் குறைவு, மென்மையான வெள்ளைச் சதை, குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் நாகப்பட்டினத்து நாக்கு ஸ்னூக் கேட்க வேண்டும். வாளை மீனின் தடித்த அண்ணன் மாதிரி இருக்கும், எண்ணெய் வடியும், முள் விரல் நீளம். குளிர்காலத்தில்தான் நிறையப் படும். கரியில் சுட்டு, மேலே ஆப்ரிகாட் ஜாம் தடவுவார்கள். ஜாமா என்று முகம் சுளிக்காதீர்கள், உப்பும் எண்ணெயும் தித்திப்பும் சேர்ந்து நன்றாகவே இருக்கும். வறுவல் இங்கே மொறுமொறுப்பாக இருக்காது, வினிகர் தெளித்துத் தொளதொளவென்று வரும். பழுதில்லை, பாணியே அதுதான்.

காசு, பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. உணவகத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். தெருவில் காரைப் பார்த்துக்கொள்ள மஞ்சள் உடுப்பில் ஒருவர் வருவார், கிளம்பும்போது ஐந்து பத்து ராண்ட் கொடுங்கள். ஏடிஎம்மில் யார் உதவ வந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு விலகுங்கள். இருட்டிய பிறகு இரண்டு தெரு தூரத்துக்கும் டாக்ஸி ஆப்பில் கார் பிடியுங்கள். நடக்கும்போது செல்போன் பைக்குள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

எப்போது வருவது என்று கேட்டால் மார்ச் கடைசி, ஏப்ரல். காற்று அடங்கியிருக்கும், மழை இன்னும் வந்திருக்காது. ஆகஸ்ட், செப்டம்பரும் மோசமில்லை, கடலில் திமிங்கிலம் தெரியும், கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்தில் பூக்கள் இருக்கும், ஆனால் மழைக்கோட்டு வேண்டும்.

கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒரு சாமான் எடுத்துவாருங்கள். இங்குள்ள பழைய சுவர் பாயின்ட்கள் பெரிய மூன்று உருண்டைக் கால் வைத்தவை, நம் வீட்டுக் கீஸருக்கு இருக்கும் அதே 15 ஆம்பியர் வகை. நம் சின்ன பிளக்கை அதில் மாட்டுகிற மாற்றி எலெக்ட்ரிக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள், ஒன்றை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மாமனார் என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.